கட்டங்களுக்குள் ஒரு பின்னம்: டெர்மினல் கணிதத்தைக் காட்டும் விதம்

கீழே ஒரே கணக்கு இரண்டு விதமாக இருக்கிறது. முதலில் ஒரே வரியில்:

```
1+1/(2+1/3)=10/7
```

அடுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதுபோல் பரப்பி:

```
       1      10
1 + ─────── = ──
         1     7
     2 + ─
         3
```

முதலாவது 16 எழுத்து. இரண்டாவதன் அகலமும் 16 கட்டம்தான், ஆனால் உயரம் 5 வரி. ஆக மொத்தம் 80 கட்டங்கள். எண்ணிப் பார்த்தால் அவற்றில் 21 கட்டங்களில்தான் எண்ணோ குறியோ கோடோ இருக்கிறது. மீதி 59 கட்டங்கள் காலி.

டெர்மினலில், அதாவது கட்டளையை எழுத்தில் அடித்து விடையையும் எழுத்திலேயே பார்க்கும் கணினித் திரையில், சூத்திரம் காட்டுவது என்றால் அந்தக் காலிக் கட்டங்களைச் சரியாக அமைப்பதுதான். ஒரே வரியில் எழுதும்போது எது எதற்குக் கீழே வரும் என்பதை அடைப்புக்குறி சொல்கிறது. பரப்பி எழுதினால் அடைப்புக்குறி மறைந்துவிடுகிறது. அது சுமந்த பொருளை இப்போது வெற்றிடம் சுமக்கிறது. கடைசி வரியில் இருக்கும் 3, தனக்கு முன்னால் சரியாக 9 வெற்றிடங்கள் இருப்பதால்தான் பின்னத்தின் கீழெண்ணாக, அதாவது பகுதியாக, நிற்கிறது. கண்ணுக்கு இது மிகப் பெரிய உதவி. ஆனால் வெற்றிடம் மெலிந்த பொருள், நகர்த்தினால் உடையும். இந்தத் துறையில் ஐம்பது அறுபது ஆண்டுகளாக நடந்திருக்கும் வேலைகளை அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

டெர்மினல் என்பது அடிப்படையில் ஒரு கட்டத் தாள். 1978இல் வந்த விடி100 என்ற டெக் நிறுவனத்தின் கருவி 80 கட்ட அகலமும் 24 வரி உயரமும் கொண்டது. அந்த 80 அதற்கும் ஐம்பது ஆண்டு பழையது. ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. இன்று நாம் திறக்கும் டெர்மினல் ஜன்னலும் பெரும்பாலும் அதே 80க்கு 24 அளவில்தான் திறக்கிறது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஓர் எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கு, கொஞ்சம் சின்னதாக்கு என்றெல்லாம் அதனிடம் கேட்க முடியாது.

கணிதம் கேட்பதோ அதைத்தான். அடுக்கு எண் மேலே ஏறவேண்டும், சின்னதாகவும் வேண்டும். உள்ளே இருப்பது உயர்ந்தால் அடைப்புக்குறியும் கூடவே உயரவேண்டும். வர்க்கமூலக் குறியின் கூரை உள்ளே இருக்கும் கோவையின் அகலத்துக்கு நீளவேண்டும். டொனால்ட் க்னூத் 1970களின் இறுதியில் டெக் (மேலே சொன்ன நிறுவனம் அல்ல) என்ற அச்சுக்கோர்ப்பு நிரலை எழுதியபோது இதற்கெல்லாம் நுட்பமான விதிகளை வகுத்தார். வழக்கமான எழுத்து 10 புள்ளி, அதன் மேலெழுத்து 7 புள்ளி, மேலெழுத்தின் மேலெழுத்து 5 புள்ளி என்று அளவு இறங்கிக்கொண்டே போகும். டெர்மினலுக்கு 10 புள்ளியும் கிடையாது, 5 புள்ளியும் கிடையாது. கட்டம் மட்டும்தான்.

தாளுக்குத் தெரிந்தது திரைக்கு மறந்தது

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பான இடம் ஒன்று உண்டு. திரைக்கு முந்தைய டெர்மினல்கள், அதாவது தாளில் தட்டச்சு செய்யும் டெலிடைப் கருவிகள், இந்த ஒரு விஷயத்தில் திரையைவிடத் திறமையானவை. டெலிடைப் மாடல் 37 தாளை அரை வரி மேலேயும் அரை வரி கீழேயும் உருட்டக்கூடியது. தாளை அரை வரி கீழே இறக்கி 2 என்று அடித்து, மறுபடி ஏற்றினால் உண்மையான மேலெழுத்து வந்துவிடும். சுருங்காது, ஆனால் சரியான உயரத்தில் நிற்கும்.

பெல் ஆய்வகத்தில் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் எழுதிய ஈக்யூஎன் என்ற நிரல் இந்தக் காலத்தைச் சேர்ந்தது; அதைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1975இல் வெளிவந்தது. கணிதமும் அச்சுக்கலையும் தெரியாத தட்டச்சர்கள்கூடச் சூத்திரத்தை அடிக்க முடியவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். ஆகவே ஒருவர் சூத்திரத்தை வாய்விட்டுப் படித்தால் எப்படி இருக்குமோ அப்படியே அதன் மொழி அமைந்தது. ‘1 ஓவர் 2’ என்று எழுதினால் ஒன்றின் கீழ் இரண்டு. அதன் கூடப்பிறந்த நிரல் என்ஈக்யூஎன். முன்னது அச்சு இயந்திரத்துக்கு, பின்னது தட்டச்சு டெர்மினலுக்கு. மூலம் ஒன்றே, வெளியீட்டுக்கு எந்தக் கருவி இருக்கிறதோ அதற்கேற்பச் சூத்திரம் உருவம் எடுத்தது. இன்றும் இதைவிடச் சரியான ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம் கண்ணாடித் திரை வந்தது. வேகம் வந்தது, அழித்து எழுதும் வசதி வந்தது, அரை வரி போனது. யூனிக்ஸில் ‘கால்’ என்று ஒரு சிறு கருவி இன்றும் இருக்கிறது. பின்னோக்கி உருளும் வரிகளையும் அரை வரிகளையும் வடிகட்டி, அப்படி உருட்டத் தெரியாத கருவிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவது அதன் வேலை. திரைகளுக்கான ஈசிஎம்ஏ-48 என்ற தரநிலையிலும் ‘வரியில் சிறிது மேலே’, ‘வரியில் சிறிது கீழே’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. மேலெழுத்துக்கும் கீழெழுத்துக்கும் என்றே எழுதிவைக்கப்பட்டவை. பெரும்பாலான டெர்மினல் நிரல்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

ஒரே வரியில் எழுதும் பழக்கமும் கருவிகளின் குறைபாட்டிலிருந்து வந்ததுதான். அடுக்கைக் காட்ட இரண்டு நட்சத்திரங்கள் போடும் வழக்கம் ஃபோர்ட்ரான் மொழியிலிருந்து வருகிறது. துளை அட்டையில் அடித்த குறிகளுக்குள் அடுக்குக்கென்று தனிக் குறி இல்லை. 1963இல் முதலில் வெளியான ஆஸ்கி என்ற எழுத்துத் தொகுப்பில் மேல்நோக்கிய அம்பு ஒன்று இருந்தது. 1964இல் பிறந்த பேசிக் மொழியில் அடுக்குக்கு அந்த அம்புதான். 1967இல் ஆஸ்கியைத் திருத்தியபோது அதே இடத்தில் தொப்பி போன்ற ^ குறியை வைத்தார்கள். 3^2 என்று நாம் இன்று எழுதுவதில் இருப்பது அந்த அம்பின் தலை.

ஒரு பெட்டியும் மூன்று எண்களும்

சரி, ஒரு நிரல் அந்த ஐந்து வரிப் படத்தை எப்படிப் போடுகிறது? வெளியே இருந்து பார்த்தால் பெரிய வித்தை போலத் தெரியும். உள்ளே இருக்கும் யோசனை அவ்வளவு எளிது. ஒரு மாலையில் நீங்களே எழுதிவிடலாம்.

ஒவ்வொரு துண்டும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று எண்கள்: அகலம், உயரம், ஆதார வரி. முதல் இரண்டும் எல்லோருக்கும் உடனே தோன்றும். மூன்றாவதில்தான் சூட்சுமம். பெட்டிக்குள் எந்த வரி, பக்கத்துப் பெட்டியோடு நேர்க்கோட்டில் நிற்கவேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது. 3 என்ற தனி எண்ணின் பெட்டிக்கு அகலம் 1, உயரம் 1, ஆதார வரி அந்த ஒரே வரி. மூன்றில் ஒன்று என்ற பின்னத்துக்கு அகலம் 1, உயரம் 3, ஆதார வரி நடுவில் கோடு இருக்கும் வரி.

பக்கத்தில் பக்கத்தில் சேர்க்கும்போது ஆதார வரிகளை நேராக வைத்து, மேலும் கீழும் குறைகிற இடத்தை வெற்று வரிகளால் நிரப்பவேண்டும். 2, கூட்டல் குறி, மூன்றில் ஒன்று ஆகிய மூன்றையும் இப்படிச் சேர்த்தால் 5 கட்ட அகலமும் 3 வரி உயரமும் உள்ள புதிய பெட்டி கிடைக்கும். கூட்டல் குறியும் பின்னக்கோடும் ஒரே வரியில் வந்து நிற்கும். இனி அந்த முழுப் பெட்டியைப் பகுதியாக வைத்து, மேலே 1 என்று ஒரு தொகுதி. இரண்டில் எது அகலமோ அதைப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு கட்டம் கூட்டி, 7 கட்ட நீளத்துக்குக் கோடு. தொகுதியை நடுவில் வை. புதிய பெட்டியின் உயரம் 1 + 1 + 3 = 5; ஆதார வரி அந்தப் புதிய கோடு. பழைய ஆதார வரி இனி வேண்டியதில்லை. உள்ளிருந்து வெளியே வரும் ஒவ்வொரு அடியும் இதேதான்.

பக்கத்துக்கு ஒரு கட்டம் கூட்டினோமே, அது அலங்காரத்துக்கு அல்ல. அச்சில் உள்ளே இருக்கும் பின்னம் சின்னதாக இருக்கும், ஆகவே எது பெரிய பின்னம் என்பதில் குழப்பம் வராது. டெர்மினலில் எல்லாம் ஒரே அளவு. பின்னத்துக்குள் பின்னம் வந்தால் எந்தக் கோடு எதை வகுக்கிறது என்று சொல்லக் கோட்டின் நீளத்தைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு கோடுகளும் ஒரே நீளத்தில் வந்துவிட்டால், மூன்று எண்களும் இரண்டு கோடுகளும் செங்குத்தாக அடுக்கிய ஒரு தூண்தான் மிஞ்சும். அதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

அடைப்புக்குறி எப்போது வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பின்னத்துக்குள் இருக்கும் கூட்டலுக்கு அடைப்பு வேண்டாம்; கோடே அடைத்துவிடுகிறது. ஆனால் முழுப் பின்னத்தையும் வர்க்கப்படுத்தினால் வேண்டும். ஆகவே நல்ல நிரல்கள் ஒவ்வொரு பெட்டியோடும் நான்காவதாக ஒரு தகவலையும் வைத்துக்கொள்கின்றன: இந்தப் பெட்டியின் வெளி அமைப்பு கூட்டலா, பெருக்கலா, அடுக்கா, தனி எண்ணா என்பது. அதைப் பார்த்துத்தான் அடைப்பு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்.

```
     2
⎛ 1 ⎞    1
⎜ ─ ⎟  = ─
⎝ 3 ⎠    9
```

இதில் 2 நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அடைப்புக்குறிக்கு மேலே தனி வரி, அதற்கு வலப்பக்கம் தனிப் பத்தி. கீழே இருக்கும் மூன்று வரிகளிலும் அந்தப் பத்தி காலி. அடுக்கு எண் எப்போதும் இப்படித் தனக்கென்று ஒரு பத்தியைப் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் அது அடுத்த உறுப்பின் தலைமேல் ஏறிவிடும்.

தட்டச்சு போன்ற கருவிகளில் கணிதக் கோவைகளை இப்படிப் பரப்பிக் காட்ட, கேரிப்டிஸ் என்று பெயரிட்ட ஒரு லிஸ்ப் நிரலை 1968இலேயே ஜானதன் மில்லன் எழுதியிருந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடியில், இன்றைய மேக்ஸிமாவின் முன்னோடி தொடங்கியது. அதன் பெயரும் மேக்சிமாதான், ஆங்கிலத்தில் ஒய் எழுத்தோடு எழுதுவது. எண்களை மட்டுமின்றிக் குறியீடுகளையும் வைத்துக் கணக்குப் போடும் நிரல் அது. அதன் ஒரு கிளையை வில்லியம் ஷெல்டர் 1982 முதல் தன் மறைவு வரை பேணிவந்தார். 1998இல் அதைப் பொது உரிமத்தில் வெளியிட அனுமதி பெற்றார். இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் மேக்ஸிமா அதுதான். அதைத் திறந்து ஒரு பின்னம் கேட்டால், நடுவில் கோடு போட்டு, மேலும் கீழும் எண்களை நிறுத்திக் காட்டும். பைத்தான் மொழியின் சிம்பை என்ற கணிதத் தொகுப்பும் இதையே செய்கிறது; அதன் மூல நிரலைத் திறந்தால் நான் மேலே சொன்ன பெட்டியையும் ஆதார வரியையும் அப்படியே பார்க்கலாம். ஈமாக்ஸ் எடிட்டருக்குள் இருக்கும் கால்க் என்ற கணிப்பானிலும் ‘பெரிய’ காட்சி என்று ஒரு முறை உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லை, அளவு சுருங்காமைதான். நாம் எடுத்துக்கொண்ட தொடர் பின்னத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு வரி கூடுகிறது. ஓர் அடுக்குக்கு 3 வரி, இரண்டுக்கு 5 வரி, பதினொன்றுக்கு 23 வரி. 24 வரித் திரையில் பன்னிரண்டாவது அடுக்கு கொள்ளாது. அச்சில் அதே பின்னத்தைப் போட்டால் ஆழத்தில் எழுத்துகள் பொடியாகும், படிப்பது கடினமாகும், ஆனால் பக்கத்துக்குள் அடங்கும். டெர்மினலில் மேல்பகுதி திரையை விட்டு ஏறிப் போய்விடும்.

அகலத்தில் வரும் சிக்கல் இதைவிட மோசம். நீண்ட கோவை 80 கட்டங்களைத் தாண்டினால் வெட்டித்தான் ஆகவேண்டும். டெர்மினலே வெட்டினால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மடக்கும். அடுக்கு வரியின் மிச்சம் முதலில், அப்புறம் எண் வரி, அப்புறம் அதன் மிச்சம் என்று முழுப் படமும் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே நிரல் முந்திக்கொண்டு, கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்கும் இடமாகப் பார்த்து மொத்தப் படத்தையும் செங்குத்தாக அறுத்து, துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கவேண்டும். ஜன்னலின் அகலம் என்ன என்று அதற்கு முன்கூட்டியே தெரியவேண்டும். படம் வந்தபிறகு நீங்கள் ஜன்னலைச் சுருக்கினால் அந்தக் கணக்கு எல்லாம் வீண்.

சில வருடங்களுக்கு முன் தொலைவில் இருக்கும் ஒரு கணினியில் ஓடிய நிரலின் விடையை, திரையில் வந்தபடியே காப்பி செய்து மின்னஞ்சலில் போட்டு அனுப்பினேன். பல உறுப்புகள் கொண்ட பல்லுறுப்புக்கோவை. பெற்றவருடைய அஞ்சல் பெட்டியில் அது ஒரே அகல எழுத்துருவில் திறக்கவில்லை. மேல் வரியில் வெற்றிடங்கள் ஒடுங்கின. ஓர் உறுப்பின் தலையில் இருந்த 3, இடப்பக்கம் நகர்ந்து முந்தின உறுப்பின் தலைக்கு வந்துவிட்டது. அவர் அதை அப்படியே எடுத்துக் கணக்கைத் தொடர்ந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் விடை ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. உடைந்த படம் உடைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். ஒரே வரியில் இருக்கும் சூத்திரத்தில் ஓர் அடைப்புக்குறி தொலைந்தால் நிரல் உடனே பிழை சொல்லும். வெற்றிடம் தொலைந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

யூனிகோடு கொடுத்ததும் கொடுக்காததும்

மேலே வளைந்து நிற்கும் அடைப்புக்குறி ஒரு குறி அல்ல, மூன்று குறிகள்: மேல் வளைவு, நடுத்தண்டு, கீழ் வளைவு. உயரம் கூடினால் நடுத்தண்டை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கலாம். தொகையீட்டுக் குறிக்கும் இப்படி மேல் கொக்கி, தண்டு, கீழ் கொக்கி உண்டு. இந்த யோசனை யூனிகோடுக்கு முந்தியது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பிலேயே தொகையீட்டின் இரண்டு கொக்கிகளும் வர்க்கமூலக் குறியும் முடிவிலிக் குறியும் சில கிரேக்க எழுத்துகளும் இருந்தன. டெக் நிறுவனம் தன் விடி300 வரிசைக் கருவிகளில் கணிதத்துக்கென்றே தனித் தொகுப்பு வைத்தது. பெரிய சிக்மாவைக்கூடத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டலாம். அடைப்புக்குறித் துண்டுகள் 2002இல் வந்த யூனிகோடு 3.2இல் இடம்பெற்றன. இன்று டெர்மினலில் வரும் அணிகள் அவ்வளவு ஒழுங்காகத் தெரிவதற்கு இந்தத் துண்டுகள்தான் காரணம். அணி என்பதே வரிசையும் பத்தியும்தானே. கட்டத் தாளுக்கு அதைவிடப் பொருத்தமான கணிதப் பொருள் கிடையாது.

மேலெழுத்துகளின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானது அல்ல. யூனிகோடில் 10² என்று ஒரே வரியில், தனி வரி எதுவும் வேண்டாமல் எழுதிவிடலாம். பார்க்க அழகு. இதைப் பார்த்துவிட்டு, எல்லா அடுக்குகளையும் இப்படியே காட்டிவிடலாமே என்று தோன்றும். எண்களுக்குப் பத்தும் இருக்கின்றன. எழுத்துகளுக்கு வந்தால் ஓட்டைகள். கீழெழுத்தாக லத்தீனின் முதல் எழுத்து இருக்கிறது, இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் இல்லை. காரணம் எளிது: இவற்றில் பலவும் ஒலியியல் குறியீட்டுக்காகச் சேர்க்கப்பட்டவை, கணிதத்துக்காக அல்ல. பின்னத்தை மேலெழுத்தாக்கவோ, அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு வைக்கவோ வழியே இல்லை. ஆகவே ஒரு சூத்திரத்தில் பாதி இப்படியும் பாதி பழைய முறையிலும் வரும். அந்தக் கலவை இரண்டையும்விட மோசம்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளியே தெரியாது. தேடுபொறிகளும் தரவுத்தளங்களும் எழுத்துகளை ஒழுங்குபடுத்த என்எஃப்கேசி என்ற முறையைப் பயன்படுத்துவது உண்டு. அதில் 10² நுழைந்தால் 102 ஆக வெளியே வரும். 3½ என்பது 31⁄2 ஆகும். அதாவது மூன்றரை, பதினைந்தரை ஆகிவிடும். யூனிகோடு தரநிலை இந்த மாற்றத்தை வெளிப்படையாகவே வரையறுத்திருக்கிறது. மேலே இருப்பதால் வரும் பொருளை அது வெறும் அலங்காரமாக எண்ணிக் கழற்றிவிடுகிறது, கணிதத்தில் பொருளே அதுதான் என்றாலும். பைத்தானிடம் ² ஓர் இலக்கமா என்று கேட்டால் ஆம் என்னும்; அதையே எண்ணாக மாற்றித் தா என்றால் பிழை சொல்லும். உண்மையான கழித்தல் குறியான U+2212க்கும் இதே கதி. விசைப்பலகையில் இருக்கும் சிறு கோட்டைவிட அது நீளமும் அழகும் கூட, ஆனால் அதைக் காப்பி செய்து நிரலில் ஒட்டினால் மொழி ஏற்காது.

பிறகு அகலம். பரப்பிப் போட்ட படம் முழுவதும், ஒவ்வொரு குறியும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்ற கணக்கின்மேல் நிற்கிறது. கிரேக்க எழுத்துகளும் முடிவிலி, வர்க்கமூலம் போன்ற பல குறிகளும் யூனிகோடில் ‘தெளிவற்ற அகலம்’ என்ற வகையில் இருக்கின்றன. வழக்கமான டெர்மினலில் ஒரு கட்டம். சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்காக அமைத்த டெர்மினலில் இரண்டு கட்டமாகலாம். நிரல் ஒன்று என்று எண்ணி, டெர்மினல் இரண்டாக வரைந்தால் அந்த வரியில் அதற்குப் பின் வரும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். பின்னத்தின் பகுதி கோட்டைவிட்டு வெளியே நிற்கும். நம் தமிழ் எழுத்துகளை டெர்மினலில் அடித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’வுக்கு எத்தனை கட்டம் என்பதில் நிரலும் டெர்மினலும் எழுத்துருவும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும்.

எழுத்துருவில் அந்தக் குறி இல்லையென்றால் வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கி வரையும்போது அடைப்புக்குறியின் மூன்று துண்டுகளுக்கும் நடுவில் இடைவெளி விழும். வரிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

இவ்வளவு பாடு எதற்கு, படமாகவே காட்டிவிட்டால் என்ன? முடியும். டெக் நிறுவனத்தின் சிக்ஸெல் முறை 1980களிலேயே இருந்தது. ஆறு புள்ளி உயரமுள்ள கீற்றுகளாகப் படத்தைப் பிரித்து எழுத்துகளாக அனுப்பும் முறை, பெயருக்கும் அதுவே காரணம். இப்போது கிட்டி, ஐடெர்ம்2 போன்ற டெர்மினல்களுக்குச் சொந்தமாகப் பட முறைகள் இருக்கின்றன. க்னூத்தின் டெக் நிரலில் அச்சுக்கோர்த்த சூத்திரத்தை அப்படியே திரையில் வைத்துவிடலாம், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஓர் எண்ணைக்கூடக் காப்பி செய்ய முடியாது, வெளியீட்டில் தேட முடியாது, பதிவுக் கோப்பில் சேமித்தால் புரியாத எழுத்துக் குப்பையாக நிற்கும். நடுவில் ஏதாவது ஒரு கருவிக்கு அந்த முறை தெரியாவிட்டால் படமே வராது. எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. எழுத்துகளை அளவு மாற்றிக் காட்டச் சொல்லும் கட்டளைகளை கிட்டி டெர்மினல் கொண்டுவந்திருப்பதைத்தான் நம்பிக்கையோடு பார்க்கிறேன். அங்கே எழுத்து எழுத்தாகவே இருக்கும், சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். மற்ற டெர்மினல்களும் ஏற்கும்வரை அதை நம்பி நிரல் எழுத முடியாது.

கேட்பவருக்கு எது சூத்திரம்

கடைசியாக, இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுகிற ஒன்று. பார்வையற்ற நிரலாளர்கள் பலர் டெர்மினலை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் எழுத்து என்பதால் திரைவாசிப்பான் அதை வாசித்துக் காட்டிவிடும், அல்லது பிரெயில் காட்சிப் பலகையில் ஒரு வரியாகத் தொட்டுப் படிக்கலாம். முதலில் போட்ட ஐந்து வரிப் படத்தைத் திரைவாசிப்பான் எப்படி வாசிக்கும் என்று பாருங்கள். ஒன்று, பத்து. ஒன்று கூட்டல், கோடு கோடு கோடு, சமம், கோடு கோடு. ஒன்று, ஏழு. இரண்டு கூட்டல் கோடு. மூன்று. அந்த 59 வெற்றிடங்களும் காதில் விழுவதில்லை, ஆகவே சூத்திரமும் விழுவதில்லை. ஒரே வரியில் எழுதியதை வாசித்தாலோ, அடைப்பு தொடக்கம், அடைப்பு முடிவு என்று சேர்த்து, நீளமாக இருந்தாலும் முழுச் சூத்திரமும் வந்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பார்வையற்ற கணிதவியலாளரான ஆபிரகாம் நெமத் 1952இல் கணிதத்துக்கான தன் பிரெயில் முறையை வெளியிட்டபோது, பின்னம் தொடங்கும் இடத்துக்கு ஒரு குறி, முடியும் இடத்துக்கு ஒரு குறி, மேலே ஏறுவதற்கு ஒரு குறி, மறுபடி அடிவரிக்கு இறங்குவதற்கு ஒரு குறி என்று, இரண்டு திசையில் பரவும் கணிதத்தை ஒரே வரிக்குக் கொண்டுவந்தார். டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஆஸ்டர் என்ற அமைப்பு, க்னூத்தின் டெக்கை அடிப்படையாகக் கொண்ட லாடெக்கில் எழுதிய மூலத்தை எடுத்துக் கணிதத்தைக் குரலில் வாசித்தது. மேலெழுத்து வந்தால் குரலின் சுருதியை உயர்த்திக் காட்டும். இரண்டு பேருமே பக்கத்தில் தெரியும் படத்திலிருந்து தொடங்கவில்லை. சூத்திரத்தின் அமைப்பிலிருந்து தொடங்கினார்கள்.

டெர்மினலுக்குக் கணிதம் எழுதும் நிரலாளர்களிடம் இதையொட்டிக் கேட்க எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தன் வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்கோ இன்னொரு நிரலுக்கோ போகிறதா என்பதை எந்த நிரலும் இயங்குதளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திரை என்றால் பரப்பிக் காட்டுங்கள். இல்லையென்றால் ஒரே வரி. நான் மின்னஞ்சலில் அனுப்பியது போன்ற விபத்துகளில் பாதி இதனாலேயே குறையும். பரப்பிக் காட்டும்போதும் அதற்குக் கீழே ஒரே வரி வடிவத்தையும் சேர்த்துப் போட்டால் காப்பி செய்பவர் சரியானதையே எடுப்பார்.

ஆனால் திரைவாசிப்பானோடு வேலை செய்பவருக்கு அந்தச் சோதனை உதவாது. அவரும் டெர்மினலில்தான் இருக்கிறார். இயங்குதளம் ‘திரைதான்’ என்றே பதில் சொல்லும். ஆகவே நிரலின் ஊகத்தை மீறி, எனக்கு எப்போதும் ஒரே வரியில் கொடு என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட ஒரு வழி வேண்டும். மேக்ஸிமாவில் அது இருக்கிறது: டிஸ்ப்ளே2டி என்ற மாறியை ஃபால்ஸ் ஆக்கும் ஒரு வரியைத் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது விடை 10/7 என்றே வரும்.